பினாங்கில் எங்க ஆயா

கோடை விடுமுறைக்கு எங்கே போனீங்க என்று கேட்டால் நம்ம வகுப்பில் பாதிப் பேர் ஒகேனக்கல் என்பார்கள், மீதிப் பேர் ஏற்காடு என்பார்கள். 2025 மே மாதம் நான் போனது மலேசியா. உடனே பணக்கார வீடு என்று நினைக்க வேண்டாம்! டிக்கெட் எடுத்தது அங்கே இருக்கும் சித்தப்பா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் தங்க விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்திருந்ததால் அந்தச் செலவும் இல்லை.

எங்க ஆயாவின் பெரியப்பா 1936-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர். 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முந்திக்கொண்டார். அவருடைய மகளைத்தான் நாங்க பெரிய ஆயா என்கிறோம். பிறந்ததே அங்கேதான். 1964-ல் ஒரே ஒரு தடவை 'ரஜூலா' கப்பலில் வந்து நம்ம ஊரில் இருபது நாள் இருந்தாங்க. அப்போ எங்க ஆயாவுக்கு எட்டு வயசு, அவங்களுக்குப் பதினாலு. அதோட சரி. பிறகு கடுதாசி, அப்புறம் போன்.

விமானத்தில் ஆயா தூங்கவே இல்லை. பறக்கிற பயம் இல்லீங்க. அந்தப் பெரியப்பா அனுப்பிய பணத்தில் வாங்கிய இரண்டு ஏக்கர் நிலத்துக்கு இப்போ பட்டா எங்க பேரில் இருக்கு. "அக்கா கேட்டா என்னடி சொல்றது?" என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாங்க.

பெரிய ஆயா வீடு பட்டர்வொர்த்தில். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. வாசலில் பார்த்ததும் இரண்டு பேரும் அழுவாங்க என்று நான் எதிர்பார்த்தேன். "பசியாறியாச்சா?" என்று கேட்டாங்க, அவ்வளவுதான். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க விலாசத்தை இன்னும் 'சேலம் ஜில்லா' என்றே நோட்டில் எழுதி வச்சிருந்தாங்க. தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல். அவங்க வந்து போன அடுத்த வருஷம்!

மறுநாள் ஃபெர்ரியில் ஜார்ஜ் டவுன் நகரத்துக்குப் போனோம். பரிசலிலேயே கண்ணை மூடிக்கொள்ளும் ஆயா, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வரலாறு சார் கேட்பார் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்: பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் 1786-ல் உண்டாக்கிய துறைமுகம் இது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கடலுக்குள் மரக்கால் நட்டுச் சீனர்கள் கட்டிய வீடுகள் இருக்கு. குயீன் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கு. கொஞ்ச தூரத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மத்தியானம் 'நாசி கண்டார்' சாப்பிட்டோம். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோள்கம்பில் சோறும் குழம்பும் தூக்கி விற்றார்களாம். அந்தக் கம்புக்குப் பேர்தான் கண்டார். மீன் குழம்பு அருமை.

சாயங்காலம் கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்தோம். பெரிய ஆயா திடீர்னு கேட்டாங்க.

"நம்ம கெணத்துல இன்னும் தண்ணி கெடக்கா? உங்கப்பாதான் சுரைக்குடுக்கை கட்டி எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தாரு."

"கெணறு வத்திப் பதினஞ்சு வருஷம் ஆச்சுக்கா" என்று சொன்ன ஆயா, மூச்சு விடாமல் மீதியையும் கொட்டிட்டாங்க. "அந்த நெலம் பெரியப்பா காசுக்கா. பட்டா எங்க பேர்ல இருக்கு."

பெரிய ஆயா ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஒரு கப்பல் போய் மறைந்தது.

"எங்கப்பா சாகுற வரைக்கும், இந்த வருஷம் அதுல என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நல்லது கெட்டது எல்லாம் எழுதுனீங்க. அத மட்டும் ஒருத்தரும் எழுதல. எனக்கு நெலம் வேணாம் தங்கச்சி. என்ன போட்டீங்க, அதச் சொல்லு."

ஆயா விரல் விட்டு எண்ணினாங்க. கேவுரு, நெலக்கடலை, கொள்ளு, மரவள்ளி. கடைசியில், "இப்போ மூணு வருஷமா ஒண்ணும் போடல, கரம்பாத்தான் கெடக்கு" என்று குரல் இறங்கிப்போச்சு.

சித்தப்பா வேலை முடிந்து காரில் வந்து கூட்டிப்போனார். திரும்பியது 1985-ல் திறந்த பினாங்குப் பாலம் வழியாக. மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடல்மேலேயே! தருமபுரியிலிருந்து அதியமான்கோட்டையே தாண்டிவிடலாம். வலது பக்கம் காடாக ஒரு தீவு தெரிந்தது. ஜெரஜாக். கப்பலில் வந்த கூலிக்காரர்களை நேரே ஊருக்குள் விடாமல், நோய் இல்லை என்று தெரியும்வரை அங்கேதான் அடைத்து வைப்பார்களாம். "தாத்தாவும் அங்க இருந்துட்டுத்தான் வந்தாரு" என்றார் சித்தப்பா. கார் போகிற வேகத்தில் எங்க ஆயா கழுத்தைத் திருப்பித் திருப்பி அந்தத் தீவையே பார்த்தாங்க.

ஊருக்கு வந்ததும் ஜூன் மாதம் மழை பெய்த மறுநாளே ஆயா ஏர் பூட்டச் சொல்லிட்டாங்க. மானாவாரி நிலக்கடலை. முளைத்ததும் அப்பா போட்டோ எடுத்து அனுப்பினார். 'வரப்போரம் நிக்கிறது அந்தப் பழைய புளியமரமா?' என்று பெரிய ஆயா கேட்டிருக்காங்க.

- மாணவி, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு