சுது கங்கை சென்றடையும் இடம்

கல்லூரி நாள்களைப் பற்றி எழுதுமாறு மலராசிரியர் எம்மைப் பணித்தார். எம் நினைவோ வகுப்பறையில் நில்லாது, விடுமுறை கழித்த நாவுலைக்கே ஓடுகின்றது. அங்கே எம் மாமா சிறு பலசரக்குக் கடையொன்று வைத்திருந்தார்.

அது 1969ஆம் ஆண்டு. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்றெண்ணி மருந்தடிப்பையும் நிறுத்தினர். 1968, 1969 ஆகிய ஈராண்டுகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவருள் எம் தம்பியும் ஒருவன். மூன்று கம்பளி போர்த்தும் அவன் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் ஆடியதை நாம் மறந்தோமில்லை.

ஆகவே மருந்தடிப்போர் வந்தபோது அம்மாயி அவர்களைக் கைகூப்பி வரவேற்றார். சட்டி பானைகள் முற்றத்துக்கு வந்தன, சுவரெங்கும் டி.டி.டி. வெண்மையாய்ப் படிந்தது. மாலையில் பம்புகளை ஓடையில் கழுவினர். நீர் பாலாய் ஓடிற்று. சற்றுக் கீழே சிறுமீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நாம் சாரத்தை வலையாக்கி அள்ளிக் கொண்டோம். அன்றிரவு மீன்குழம்பு, நோய் தெளிந்திருந்த தம்பிக்கு ஒரு பங்கு கூடுதல்.

அம்மருந்தின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பவுல் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றவர். அதன் மறுபக்கத்தைப் பின்னரே படித்தறிந்தோம். அது நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பிற் கரையும். எளிதிற் சிதையாது. நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், அதிலிருந்து பெருமீனுக்கும், பின் பறவைக்கும் செறிந்துகொண்டே ஏறும். கலிபோர்னியாவில் ஆலையொன்றின் டி.டி.டி. கழிவு சாக்கடை வழியே கடலிற் சேர்ந்தது. 1970இல் அக்கரைக்கப்பாலுள்ள அனகாப்பாத் தீவிலே கூழைக்கடாக்களின் முட்டையோடுகள் மெலிந்து, அடைகாத்த தாயின் பாரத்தாலேயே நொறுங்கின. நூற்றுக்கணக்கான கூடுகளிற் பொரித்த குஞ்சு ஒன்றே! மருந்தே தெளித்திராத அண்டாட்டிக்காவின் பென்குவின் கொழுப்பிலும் 1960களில் அதனைக் கண்டனர்.

இதைப் படித்த அன்று நாம் மாத்தளையின் படத்தை விரித்து வைத்துக்கொண்டோம். கடல் நமக்கு வெகுதூரம் என்றன்றோ எண்ணியிருந்தோம்! சுது கங்கை அம்பன் கங்கையாகிறது. அம்பன் கங்கை மகாவலியிற் கலக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் முடிகிறது. 1976 முதல் பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீரும் உக்குவளை வழியாகச் சுது கங்கையில் விழுகின்றது. கண்டியார் கழுவியதும் இப்போது நம் கணக்கிலேதான்.

எனினும் அம்மருந்தைச் சபிக்க எமக்கு வாய் வரவில்லை. நுளம்பு அதற்குப் பழகிவிட்டமையால் 1970களின் பிற்பகுதியில் மலத்தியன் அவ்விடத்தைப் பிடித்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2001இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் வேறு வழியற்ற இடத்தில் நோய் பரப்பும் பூச்சிகளுக்கெதிராக டி.டி.டி.க்கு இடம் விட்டே வைத்தது. தம்பி இன்று பேரப்பிள்ளைகளுடன் வாழ்கின்றான். பம்பை ஓடையிற் கழுவாதிருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டானா? அதுவே எம் மனத்தை அரிக்கும் கேள்வி.

சில ஆண்டுகளின் முன் மூதூருக்குச் சென்றிருந்தோம். கழிமுகத்தருகே வள்ளத்திலிருந்து மீனிறக்கிய முதியவர் ஒருவர், எம்மூர் எதுவென வினவினார். மாத்தளை என்றோம்.

“அப்ப இது உங்கட தண்ணிதான் ஐயா” என்று சிரித்தவாறே இரண்டு பாரை மீன்களை எம்மிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.