மூன்றாவது கம்பி



மடிக்கணினியை ஹோம் தியேட்டரோடு ஒரு கம்பியால் இணைப்பதைப் பற்றி இந்த வாரம் எழுதப் போகிறேன். ஆயர் எழுதும் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2020-ஆம் ஆண்டில் ஆலயக் கதவுகள் அடைபட்டு, நாம் அனைவரும் வீட்டிலிருந்தே ஆராதித்த அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். "ஐயா, படம் டிவியில் வருகிறது, சத்தம் பெட்டியில் வரவில்லை" என்று தொலைபேசியில் என்னை அழைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! பாதி அறிந்தும் பாதி அறியாமலும் அன்று நான் பதில் சொன்னேன். மீதிப் பாதியைக் கடந்த வாரந்தான் கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

நம் சேகரத்தில் எண்பத்து நான்கு வயது தாயார் ஒருவர் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; பெயரை மட்டும் தவிர்க்கிறேன். அவர் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஆர்மோனியம் வாசித்துக் கீர்த்தனை பாடுவதில் தேர்ந்தவர், நான் இச்சேகரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். 1987-இல் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பாடியதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். அவருடைய குரல் என்று உலகத்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

நான் இங்கு வந்த முதல் ஆண்டிலேயே அந்தத் தாயார் அதை என் கையில் கொடுத்தார். என்னிடம் பழைய டெக் ஒன்று இருக்கிறது என்றும், கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றும் நானே முன்வந்து சொல்லியிருந்தேன். வாங்கி, குருமனை அலமாரியில் வைத்தேன். மூன்று ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. திருமணங்கள், அடக்க ஆராதனைகள், அசன விழாக்கள், கட்டடக் கமிட்டி என்று காரணங்களை வேண்டிய அளவுக்கு அடுக்க முடியும். அடுக்கி என்ன பயன்? சென்ற கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது அவர் கோபமின்றிச் சொன்னார்: "ஐயா, காது மந்தமாயிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாள்ல போட்டாலும் கேக்காது."

அன்றிரவே அலமாரியைத் திறந்தேன். நாடாவின் ஓரத்தில் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மழைக்காலங்கள் மூன்றைக் கண்ட கேசட்டில் வேறென்ன இருக்கும்? பஞ்சால் மெல்லத் துடைத்து, டெக்கில் ஓட்டி, கணினியில் பதிந்தேன். கடைசிப் பகுதியில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறுந்தது. ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் போயின. மீதி கிடைத்தது.

ஆனால் மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கி அவர் செவிக்கு எட்டாது. அவருக்குக் காதில் கருவி பொருத்திப் பழக்கமில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்திலோ, மகன் வளைகுடாவுக்குப் போகுமுன் வாங்கி வைத்த ஹோம் தியேட்டர் ஒன்று, பூவேலை செய்த துணியால் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஊமையாக இருந்தது. புளூடூத் இல்லாத, பென்டிரைவ் செருகும் துளையும் இல்லாத பழைய வகை. எனவே கம்பிதான் வழி.

இங்கே சற்று நிறுத்தி, உங்களுக்குக் கடன்பட்டிருக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பலர் வீட்டில் செய்வது எச்.டி.எம்.ஐ. கம்பியால் மடிக்கணினியை டிவியோடு இணைப்பது. அதில் படமும் சத்தமும் ஒன்றாகவே செல்லும். ஆகவே சத்தம் டிவியிலேயே நின்றுவிடும். பெட்டிக்கு வர வேண்டுமானால் டிவியிலிருந்து பெட்டிக்கு இன்னொரு வழி வேண்டும். புதிய டிவிகளில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இருந்தால், அதே வகைக் கம்பி ஒன்றே சத்தத்தைப் பெட்டிக்குத் திருப்பித் தரும். 2009-இல் வந்த ஏற்பாடு அது. டிவி, பெட்டி இரண்டிலும் இருந்தால்தான் பயன். பழைய பெட்டிக்கு எளிய வழி, ஒரு முனையில் ஹெட்போன் முள்ளும் மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனைகளும் கொண்ட கம்பி. முள் மடிக்கணினியின் ஹெட்போன் துளையில். வெள்ளை இடது, சிவப்பு வலது. பெட்டியின் பின்புறம் 'ஆக்ஸ் இன்' என்று எழுதிய இடத்தில் செருக வேண்டும். 'அவுட்' என்ற இடத்தில் செருகிவிட்டுப் பெட்டி பழுது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு (யார் என்று சொல்லமாட்டேன், பாடகர் குழுவில் இருக்கிறார்). செருகும்போது பெட்டி அணைந்திருக்கட்டும். பிறகு ரிமோட்டில் ஆக்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பெட்டிகளில் முன்னுள்ள இரண்டு மட்டும் ஒலித்தால் கலங்க வேண்டாம். கம்பி கொண்டு வருவதே இரண்டு வழிச் சத்தந்தான்.

இவை அனைத்தையும் அறிந்தவன் என்ற தைரியத்தோடுதான் நான் சென்ற வியாழக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனேன். குருமனை மேசை இழுப்பறையில் சுருண்டு கிடந்த பழைய கம்பி ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். தாயார் வெள்ளைச் சேலை உடுத்தி, நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார். ஆராதனைக்கு வருவதுபோல ஆயத்தமாயிருந்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது.

இணைத்தேன். 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினேன், இரைச்சல் நின்றது. சோதனைக்காக ஒரு பெண் பாடிய கீர்த்தனைப் பதிவு ஒன்றைப் போட்டேன். வயலின் ஒலித்தது, பின்பாட்டு ஒலித்தது, கூடம் நிறைந்தது. "கேட்கிறதா அம்மா?" என்றேன். "சத்தம் வருது ஐயா" என்றார். எனக்கு மகிழ்ச்சி. அடுத்து அந்த 1987-ஆம் ஆண்டுப் பதிவைப் போட்டேன்.

கேசட்டுக்கே உரிய 'ஸ்ஸ்' என்ற ஓசை மட்டும் வந்தது. அதற்குள்ளே, ஆழ்கிணற்றின் அடியில் யாரோ முனகுவதுபோல ஏதோ ஒன்று. அவ்வளவுதான். ஒலியைக் கூட்டினேன், 'ஸ்ஸ்' கூடியது. தாயார் உடலை முன்சாய்த்து, கையைக் காதருகே குவித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில் என் உள்ளத்தில் ஓடியதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். பூஞ்சை குரலைத் தின்றுவிட்டது, நான் வைத்திருந்த மூன்று ஆண்டுகள் தின்றுவிட்டன என்றே நினைத்தேன். நடுங்கிய கையோடு கம்பியை மடிக்கணினியிலிருந்து உருவினேன். அதன் சொந்தச் சிறு ஒலிபெருக்கியில் ஆசிரியர் ஐயா தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தார். திரும்பச் செருகினேன். காணாமற் போனார். இன்னொரு முறை உருவினேன், பாடினார். அப்படியானால் பதிவில் குற்றமில்லை. பெட்டியிலும் குற்றமில்லை, சற்றுமுன் அதே பெட்டியில்தானே கீர்த்தனை முழங்கியது? ஒரு பாட்டைத் தரும் கம்பி இன்னொரு பாட்டை எப்படி மறைக்கும்? இறையியற் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் பயின்ற எனக்கு இந்த எளிய கேள்விக்கு விடை தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பையனை அழைத்தோம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். ஞாயிறுதோறும் நம் ஆலயத்தில் மைக்கைக் கவனிக்கிறவன் அவன்தான். நான் நடந்ததைச் சொல்லி, நிரூபணமாக அந்தக் கீர்த்தனையை மறுபடியும் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டான்.

"ஐயா, பாடுற அக்கா எங்க?" என்றான்.

கூர்ந்து கேட்டேன். வயலின் இருந்தது, பின்பாட்டு இருந்தது. பாடும் பெண்ணின் குரல் இல்லை! தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிபோல அதன் நிழல் மட்டும் இருந்தது. அந்தக் கீர்த்தனை எனக்கு மனப்பாடம். வாத்தியம் தொடங்கியதும் என் உள்ளமே பாடிக்கொண்டது. குரல் வராததை என் செவி கவனிக்கவேயில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் குழலையும் சுரமண்டலத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பகுதியை வைத்து நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கூடம் நிறையச் சத்தம் வந்தது, எனக்கு அது போதுமானதாயிருந்தது.

பையன் முள்ளை என் கையில் கொடுத்து, அதிலுள்ள இரண்டு கறுப்பு வளையங்களைக் காட்டினான். அவை அதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடப்பக்கத்துக்கு, நடு வலப்பக்கத்துக்கு. அடிப்பகுதி எந்தப் பக்கத்துக்கும் உரியதல்ல, இரண்டுக்கும் பொதுவானது. இடமும் வலமும் போன மின்னோட்டம் திரும்பி வருவது அந்த மூன்றாவது வழியில்தான். இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் மடங்கிக் கிடந்ததில், என் கம்பியின் முள்ளுக்குள் அந்தப் பொதுவழியின் பற்றவைப்பு மட்டும் விட்டுப்போயிருந்தது.

அப்படி விட்டுப்போனால் என்ன ஆகும்? இடப்பக்கத்தில் போனது வலப்பக்கத்துக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். வலப்பக்கத்தில் போனது இடப்பக்கம் வழியாக. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்றையொன்று அடித்து நீக்கிவிடும். இரண்டுக்கும் வேறுபாடாக இருப்பது மட்டுமே வெளியே வரும். பதிவுக்கூடங்களில் பாடுகிறவரின் குரலை நடுவிலே, அதாவது இரு பக்கத்துக்கும் சமமாக வைப்பதே வழக்கம். வாத்தியங்களையும் பின்பாட்டையும் பக்கங்களில் பரப்பிவிடுவார்கள். ஆகவே குரல் மறைந்து, பரப்பியவை மட்டும் ஒலித்தன. அந்நாளைய வீட்டு டேப் ரிக்கார்டரோ ஒரே மைக்கில் பதிவது. அதில் இடமும் வலமும் ஒன்றே. ஆசிரியர் ஐயாவின் பாட்டு முழுவதும் நீங்கி, இரு பக்கமும் சற்றே வேறுபட்ட அந்த 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சியது இதனால்தான். நான் சார்ஜரைப் பிடுங்கி அடக்கிய இரைச்சல்கூட இதே கோளாற்றின் அறிகுறி என்றான் பையன். அறிகுறியை அடக்கிவிட்டுக் குணமாக்கியதாக எண்ணிக்கொண்டேன்.

அவன் முள்ளின் கழுத்தை விரலால் வளைத்துப் பிடித்தான். ஒரு கணம் கூடம் முழுவதும் ஓர் ஆண்குரல் எழுந்து அறுந்தது. தாயார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பறந்தான். 150 ரூபாய்க்குப் புதுக் கம்பி வாங்கி வந்தான். (தங்க முலாம், தனி உறை என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லுவார்கள், ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு அது தேவையில்லை. பற்றவைப்பு உறுதியாக இருந்தால் போதும்.) அவன் போய்வரும் முக்கால் மணி நேரத்தில் நான் அந்தத் தாயாரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேசட் என் அலமாரியில் சும்மா கிடந்ததையும், பூஞ்சை பிடித்ததையும், கடைசி நான்கு நிமிடங்கள் இனி ஒருபோதும் கிடைக்கா என்பதையும். அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வகை அறிக்கைகளை நாம் வழக்கமாகத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகியவர்கள். தெருவுக்குக் கேட்க ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தார்.

புதுக் கம்பியைச் செருகினோம். மடிக்கணினியில் ஒலியை முக்கால் அளவுக்கு வைத்து, பெட்டியில் கீழிருந்து மெல்ல மெல்லக் கூட்டினேன். பலவீனமான செவிக்கு அருகே திடீரென்று அதிரக் கூடாது.

பாட்டுக்கு முன்னே சில விநாடிகள் வேறு சத்தங்கள் இருந்தன. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்கியது. தெருவில் ஒரு பேருந்து போயிற்று. பிறகு ஆசிரியர் ஐயா இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பொத்தானை அமுக்கிட்டியா?" என்று கேட்டார். "அமுக்கிட்டேன், அமுக்கிட்டேன்" என்று ஓர் இளம்பெண்ணின் குரல் அவசரமாகப் பதில் சொன்னது. குருமனையில் பதியும்போது இதை நான் கேட்டிருந்தேன், கவனித்ததில்லை.

அதன்பின் அவர் பாடினார். தாயார் இடப்பக்கப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அசையாமல் இருந்தார். காதால் எவ்வளவு கேட்டது, கையால் எவ்வளவு கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று கீர்த்தனைகள். மூன்றாவது பாதியில் நின்றது. அங்கேதான் நாடா அறுந்தது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் ஐயா" என்றார். "அந்த இருமலை இன்னொரு தடவை போடுங்க."