டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம்!

சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் ஓடுகிற வீட்டில் கண்டிப்பாக ஒருத்தர் இருப்பார். திரையில் ஒரு விஞ்ஞானி வேற்றுக் கிரகத்தில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் போதும், "எவனாவது இப்படிச் செய்வானா? லாஜிக்கே இல்லை" என்று ரிமோட்டைத் தேடுவார். பொன்னேரிப் பக்கம் இவர்கள் இன்னும் கறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு ஹெல்மெட்டின் அருமை தெரியாதா என்ன?

சரி, அவர் சொல்வது நியாயமா? பாதி நியாயம்.

1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் தூர்தர்ஷனிலும் வந்தது. கப்பலில் 430 பேர். ஆனால் ஆபத்தான கிரகம் என்றால் கேப்டன் கிர்க்கே இறங்குவார், கூடவே ஸ்பாக்கும் டாக்டரும். ஏன்? அவர்கள்தான் ஹீரோக்கள்! வேறு காரணமே கிடையாது. 1987-ல் வந்த அடுத்த தொடர் இதைத் திருத்திக்கொண்டது. அதில் இறங்குவது துணை அதிகாரியின் வேலை. கேப்டன் கிளம்பினால் அவரே தடுப்பார்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் சீரியல் ஆனது. 2021-ல் நடப்பதாக எழுதிய கதை (அந்த வருஷமும் வந்து போய்விட்டது!). கணவனைத் தொலைத்த நிலா, ஜீனோ என்ற இயந்திர நாயை நம்புகிறாள். பொம்மையை நம்புவது லாஜிக்கா? இல்லை. ஆனாலும் இடிக்கவில்லை. எல்லாவற்றையும் அரசாங்கமே முடிவு செய்யும் நாட்டில், தனியாக நிற்கும் பெண் வேறு யாரை நம்புவாள்?

வித்தியாசம் இதுதான். கிர்க்கின் அசட்டுத்தனம் கதாசிரியரின் வசதியிலிருந்து வருகிறது. நிலாவினுடையது அவள் மனசிலிருந்து வருகிறது.

நிஜத்தில் அறிவாளிகள் லாஜிக்கோடுதான் நடக்கிறார்களா? பொன்னேரிக்கு வடக்கே இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் முன் அதன் குட்டி மாதிரியைத் திருமலைக்கு எடுத்துப்போய்ப் பூஜை செய்வது வழக்கம். 2009 ஏப்ரலில் பிஎஸ்எல்வி-சி12 பறந்தது. அடுத்து செப்டம்பரில் பறந்தது சி14. நடுவில் சி13 இல்லவே இல்லை! 13 ராசியில்லாத எண் என்பதுதான் பலரும் சொன்ன காரணம். இதை ஒரு சீரியலில் வைத்தால் ரிமோட்காரர் சும்மா விடுவாரா? ஆனால் பல வருஷ உழைப்பு ஒரு சில நிமிஷத்தில் கடலில் விழலாம் என்கிற பயம் இருக்கிறதே, அது கணக்கு தெரிந்தவனுக்கும் உண்டு.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாத அசட்டுத்தனம். இன்னொரு வகை இருக்கிறது. 1984 டிசம்பர் 2 இரவு, போபால். விஷவாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. சுமார் பதினொன்றரை மணிக்குத் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்தது; கசிவு தெரிந்தது. டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. டீ முடிந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் கைமீறிப் போனது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

அவர்கள் முட்டாள்களா? இல்லை. சின்னச் சின்னக் கசிவு அங்கே பழகிப்போன விஷயம். நேற்றும் கண் எரிந்தது, நேற்று ஒன்றும் ஆகவில்லை. பழக்கம் லாஜிக்கைத் தின்றுவிட்டது.

ஆக, பாத்திரம் லாஜிக் இல்லாமல் நடப்பது தப்பில்லை. பயமோ, பாசமோ, பழக்கமோ, ஏதாவது ஒன்று அவனை அப்படி நடக்க வைக்க வேண்டும். கதை நகர வேண்டும் என்பதற்காக நடந்தால் மட்டும்தான் நம்ப முடியாது.

"எவனாவது இப்படிச் செய்வானா?" என்ற கேள்வியை சீரியலிடம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் சுற்றிலும் புகைபோக்கிகள் நிற்கும் ஊரில், "யாரும் செய்ய மாட்டார்கள்" என்ற பதில்தான் ஆபத்தானது. நைட் ஷிஃப்டில் அலாரம் அடிக்கும்போது, "இது தினமும் அடிப்பதுதானே" என்று சொல்வதற்கு ஒருவர் போதும். அவர் நல்லவராகவும் இருப்பார், அனுபவசாலியாகவும் இருப்பார். வீட்டில் சீரியல் பார்த்தால் லாஜிக்கும் கேட்பார்.