பழைய மடிக்கணினியின் சூடும் மங்கிய திரையும்

கலப்பையின் கொழு தேய்ந்தால் பட்டறைக்குப் போகும். அம்மி வழுக்கினால் கொத்துகிறவர் தெருவுக்கு வருவார். பழுதான பொருளுக்கும் குப்பைக்கும் நடுவே இப்படி ஒரு கட்டம் நம் ஊர்களில் இருந்தே வந்திருக்கிறது. மடிக்கணினிக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. சூடாகிறது, திரை தெரியவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், "போர்டு போயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கிறதுதான் நல்லது" என்பதே தீர்ப்பு. நைனார்பாளையத்தில் நம்மிடம் உள்ள, 2008-இல் வாங்கிய கணினிக்கும் அதே தீர்ப்பு வந்தது.

அதை ஏற்க நம்மால் இயலவில்லை. 2004 முதல் 2009 வரை இந்த வட்டாரத்திலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் கேட்டு எழுதிய நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும் அதற்குள் இருந்தன. பதிவு செய்த ஒலிநாடாக்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. எடுத்துவைத்த குறுந்தகடுகளை இன்று எந்தக் கருவியும் படிப்பதில்லை. பாடிய மூதாட்டிகளுள் பலர் இப்போது இல்லை.

சூடும் மங்கலும் சேர்ந்தே வந்ததால் அவை ஒரே நோய் என்று தோன்றியது. பிரித்துப் பார்த்தபோது இரண்டும் வெவ்வேறாக இருந்தன.

முதலில் திரை. அறையை இருட்டாக்கிவிட்டுக் கைவிளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாக அடித்துப் பார்த்தோம். எழுத்துகள் மிக மங்கலாகத் தெரிந்தன. அப்படியானால் திரை படத்தை வரைந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னிருந்து ஒளி தருவதுதான் அணைந்திருக்கிறது. அக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் திரையின் பின்னே ஈர்க்குச்சி போன்ற ஒல்லியான குழல்விளக்கு ஒன்று இருக்கும். அதற்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை இன்வெர்ட்டர் என்னும் சிறு பலகை தருகிறது. குழல் முதுமையடைந்தால் திரை செம்மை படர்ந்து மங்கும்; இன்வெர்ட்டர் கெட்டால் ஒளி ஒரேயடியாக நின்றுவிடும். மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியே செல்லும் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, வேறொரு திரையைக் கணினியோடு இணைத்தோம். அதில் கோடோ புள்ளியோ இன்றிப் படம் தெளிவாக வந்தது. ஆக, படத்தை உருவாக்கும் சில்லுக்குக் கேடில்லை. கெட்டது இன்வெர்ட்டர் மட்டுமே. சில நூறு ரூபாயில் அது மாற்றப்பட்டது. குழலில் பாதரசம் உண்டு, இன்வெர்ட்டரில் உயர் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தையும் மின்கலத்தையும் அகற்றாமல் அந்தப் பக்கம் கைவைக்கலாகாது.

அடுத்தது சூடு. செயலியின் மேல் படிந்திருக்கும் செப்புக்குழாயின் உள்ளே சிறிதளவு நீர்மம் அடைக்கப்பட்டிருக்கிறது. அது சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குச் சென்று, அங்குள்ள தகட்டுச் சீப்பில் வெப்பத்தை விட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. அந்தச் சீப்பின் வழியே காற்றை வெளியே தள்ளுவது விசிறி. நம் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் வீட்டுக்குள் படியும் தூசி எத்தகையது என்பதை இவ்வூரார் அறிவர். கணினியைத் திறந்தபோது, விசிறிக்கும் சீப்புக்கும் இடையே கம்பளித் துண்டுபோல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஊதியிருந்தால் அது இன்னும் இறுகியிருக்குமே தவிர வெளியே வந்திருக்காது. அதை அகற்றினோம். செயலிக்கும் செம்புக்கும் நடுவே காய்ந்து பொருக்காகிவிட்ட வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகச் சிறிதளவு பூசினோம். இருபது நிமிடத்தில் அணைந்துபோன கணினி, சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் ஓடியது. அது தானே அணைந்ததையும் பழுதென்று கொள்வதற்கில்லை. சூடு ஏறஏறச் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதும் அடங்காமல் 100 டிகிரியை ஒட்டிச் சென்றால், கருகுவதற்கு முன் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

கடைக்காரரின் தீர்ப்பு அடியோடு ஆதாரமற்றதென்றும் சொல்லமாட்டோம். அந்தத் தலைமுறைக் கணினிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2008 சூலையில் என்விடியா நிறுவனம், தன் வரைகலைச் சில்லுகள் சில மடிக்கணினிகளில் மிகுதியாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதன் செலவுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லைப் பொதிந்த பொருள் நலிவானது. சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்ததில் உள்ளிணைப்புகள் விண்டுபோயின. அத்தகைய பலகைகளைச் சூட்டடுப்பில் வைத்து எடுத்து உயிர்ப்பித்தவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த உயிர்ப்பு பெரும்பாலும் சில வாரங்களே நிலைத்தது. நம் கணினியில் தனி வரைகலைச் சில்லே கிடையாது. எனவே அந்த வரலாற்றை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

திரை இருண்டால் எழுதியவையும் அழிந்தன என்று அஞ்சுவோர் பலர். வன்தட்டு தனியுறுப்பு. அதைக் கழற்றி, யுஎஸ்பி வழி இணைக்கும் உறையில் இட்டால் வேறு கணினியிலும் படிக்கலாம். நாமும் பழுதுபார்க்கும் முன் அதைத்தான் செய்தோம். கோப்புகள் வந்தன, ஆனால் தமிழ் வரவில்லை. திஸ்கியில் தட்டச்சிட்டவை அவை. அக்குறியீட்டில் தமிழெழுத்துகள் அமர்ந்திருந்த இடங்களில், புதிய கணினி ஐரோப்பிய மொழிகளின் கொம்பிட்ட எழுத்துகளைக் காட்டியது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010 சூனில்தான். அதற்கு முன் எழுதியோர் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். மாற்றித்தரும் செயலிகள் உள்ளன. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் அவை தடுமாறின. மாற்றியதைச் சரிபார்க்க மூலம் கண்முன் தெரிந்தாக வேண்டும். பழைய எழுத்துருவோடும் பழைய மென்பொருளோடும் அதைக் காட்டவல்லது அந்தக் கணினி ஒன்றே. பழுதுபார்த்தேயாக வேண்டும் என்று நாம் பிடிவாதம் கொண்டது இதனால்தான்.

இரு கணினிகளையும் அருகருகே வைத்து, வரிவரியாக ஒப்பிட்டு, 212 பாட்டுகளை ஒருங்குறிக்கு மாற்றி முடித்தோம். இப்போது அவை மூன்று இடங்களில் இருக்கின்றன.

2011 செப்டம்பரில் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. படித்த பிள்ளைகளின் முதல் கவிதையும் தாத்தாவின் குரலும் அவற்றுள் இருக்கக்கூடும். மின்கலம் உப்பியிருந்தால் மின்னிணைப்புத் தரவேண்டாம்; வன்தட்டை மட்டும் கழற்றிப் படியெடுக்கலாம். உப்பாதிருந்தால், பழைய இரும்புக்காரரின் தராசுக்கு அது போகுமுன், இருட்டறையில் ஒருமுறை கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.