கேட்டுக்கு வெளியே நின்ற நேரம்

2025 ஆகஸ்ட் 20, புதன்

ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கப்போனபோது வாணியம்பாடிக்காரர் வந்துவிட்டார். ஓனர் கம் டிரைவர். ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி. அதற்கு மாதாமாதம் லோன் டியூ கட்டுகிறார். இங்கே குஜிரி பழைய இரும்புச் சந்தையிலிருந்து கும்மிடிப்பூண்டி உருக்காலைக்கு இரும்புக் கழிவு லோடு.

"பார்ட் பி போட்டுட்டியாம்மா?"

"இல்லண்ணே. புக்கிங் ஆபீஸ் பாய் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார், உடனே போடுன்னு."

"லோடு பாதிதான் ஏறியிருக்கு. ஏத்தி, தார்ப்பாய் கட்டிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் போடாதே."

பெங்களூரு சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னக் கடையில், லாரிச் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் போடுவதுதான் என் வேலை. சரக்கு விவரம் பார்ட் ஏ, வண்டி நம்பர் பார்ட் பி. வண்டி நம்பரை ஏற்றிய நொடியில் பில்லுக்குக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 2020 முடியும்வரை 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். சிவாஜிநகரிலிருந்து கும்மிடிப்பூண்டி 400-க்குள்தான் வரும் என்பதால் இரண்டு நாள். இரண்டாம் நாள் நள்ளிரவோடு பில் செத்துவிடும்.

இரண்டு நாள் தாராளம் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். ஓடுவதற்குத் தாராளம்தான், ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஒரு ராத்திரி ஓட்டினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். நேரம் போவது ரோட்டில் இல்லை. இங்கே ஏற்றுவதற்கும் அங்கே இறக்குவதற்கும் போகிறது. ஆனால் பில்லில் இருப்பது கிலோமீட்டர் மட்டும்.

கெடு தாண்டிய பில்லோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு மனப்பாடம். ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி 90,000. சரக்குக்காரர் வந்து நின்றால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, 1,80,000. வண்டியை மட்டும் விடுவிக்க லாரிக்காரர் கட்ட வேண்டியது அந்த அபராதம் அல்லது ஒரு லட்சம், எது குறைவோ அது. ஒரு லட்சத்துக்கு அவர் எத்தனை நடை ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நடுராத்திரி தாண்டித்தான் போன் வந்தது. வீட்டிலிருந்தே பார்ட் பி போட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடை லீவு. அவருடைய வரிக் கணக்குக் காகிதங்களைப் பிரித்து அடுக்கினேன்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பத்து வண்டி வரை வைத்திருப்பவர்கள் கணக்குப் புத்தகம் எழுதாமல் இந்தப் பிரிவில் வரி கட்டலாம். கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். 28 டன் வண்டி என்றால் மாதம் 28,000. வண்டி அந்த மாதம் ஓடியதா, ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததா என்ற கேள்வியே கிடையாது. ஃபைனான்ஸ்காரரும் மாதக் கணக்குத்தான் பார்க்கிறார். ஃபாஸ்டாக் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் மணி, நிமிடம், நொடி போட்டுக் காசை எடுக்கிறது. இ-வே பில்லுக்குக் கிலோமீட்டர். புக்கிங் ஆபீஸ்காரர் வாடகை பேசுவது டன்னுக்கு.

இத்தனை பேர் இத்தனை விதமாக அளக்கிறார்கள். அந்த மனிதர் வேலையில் இருந்த மணிநேரத்தை மட்டும் யாருமே அளக்கவில்லை. வாடகை ஏற்றிப்போகும் டன்னுக்குத்தான் என்பதால், உருக்கு மில் வாசலில் நடைக்கு ஒரு நாள் கூடுதலாக நின்றால் மாதத்துக்கு எட்டு நடை என்பது ஆறாகிவிடும். டியூ அதற்கேற்பக் குறைவதில்லை. வாடகை பேசும்போது ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கூலி, என்று ஒரு வார்த்தை அடிபடுகிறது. இரண்டாம் நாளிலிருந்து இவ்வளவு என்பார்கள். கேட்கப் போனால், "நீ எப்ப வந்தே? என்ன ஆதாரம்?" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மேரி மாதா கோயிலில் கொடியேற்றம். தெருவெல்லாம் காவி உடுத்தியவர்கள், வேளாங்கண்ணிக்குப் போகிற மாதிரி. பெரிய வண்டி எதுவும் உள்ளே வர முடியாது, கடையில் கூட்டம் இல்லை. கேரன் லெவி 2022-இல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க லாரிக்காரர்கள் மீது வைக்கப்பட்ட மின்னணுக் கண்காணிப்புதான் அவர் ஆராய்ந்த விஷயம்.

அங்கே ஒரு நாளில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதுவும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். முன்பு டிரைவரே நோட்டில் எழுதிக்கொள்வார். 2012-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 2017 டிசம்பர் 18 முதல் எஞ்சினோடு இணைந்த கருவிதான் எழுத வேண்டும் என்றாக்கினார்கள். சொந்த லாரிக்காரர்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போயும் நிற்கவில்லை.

கருவி வந்த பிறகு நடந்ததை ஸ்காட், பால்த்ராப், மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அரசுப் பதிவுகளை வைத்தே பார்த்திருக்கிறார்கள். நேர விதியை மீறுவது குறைந்தது. விபத்து குறையவில்லை. வேகமாக ஓட்டிப் பிடிபடுவது கூடியது, அதிலும் சின்ன லாரிக்காரர்களிடம் அதிகம். படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துப்போனது, ஏனென்றால் இதில் புரியாதது எதுவும் இல்லை. 14 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, குடோன் வாசலில் நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தால், அந்த நாலு மணி நேரத்தை அவர் ரோட்டில்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகமே 2018-இல் ஒரு கணக்குப் போட்டது: சரக்கு ஏற்றி இறக்குமிடத்தில் தங்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும். காத்திருப்பால் டிரைவர்களுக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வருமானம் போகிறது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நம் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். இந்த 2025-இல் அமலில் இருப்பது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேர ஓய்வு. நல்ல சட்டம். ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது. தன் வண்டியைத் தானே ஓட்டுபவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே இல்லை. லாரித் தொழிலில் பெரும்பகுதி சில வண்டி மட்டும் வைத்திருப்பவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் வெளியே.

2021 செப்டம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும், தூக்கம் வந்தால் எச்சரிக்கும் கருவி வேண்டும் என்றார். எனக்கு அதில் மறுப்பு இல்லை. தூங்காமல் ஓட்டிச் செத்தவர்களின் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் காகிதம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஓடும் நேரத்தை மட்டும் பூட்டினால் அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

எதிர் சந்துப் பையன் ஆப்பில் டாடா ஏஸ் ஓட்டுகிறான். அவனுக்குக் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. கர்நாடகத்தில் மே மாதம் அவசரச் சட்டமாக வந்த கிக் தொழிலாளர் சட்டம் போன மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. கணினி தன்னை எப்படிக் கண்காணிக்கிறது, அது தன் வேலையையும் வருமானத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. வேலையிலிருந்து நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரக்குப் போக்குவரத்து ஆப்களும் அதில் சேர்த்தி. வாணியம்பாடிக்காரருக்கு லோடு வருவது புரோக்கர் போனில். அவருக்கு இது கிடையாது.

செப்டம்பர் 4, வியாழன்

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) வந்த ஒருவர் கண்காணிப்புக் கருவியின் ரசீதைக் காட்டினார். 2023 கடைசியில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை வாடகை வண்டிகளுக்கும் நேஷனல் பெர்மிட் லாரிகளுக்கும் ஜி.பி.எஸ்., பேனிக் பட்டன் கட்டாயம் என்றது; விலை 7,599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். காசு கொடுத்தவர் இவர். மில் வாசலில் ஒன்றரை நாள் நின்றதற்கு இவருக்கு ஒரு காகிதம் எடுத்துக் கொடுங்கள் என்றால் எங்கே போய்க் கேட்பது? இதற்கு ஓர் உத்தரவு போட ஒரு பைசா செலவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாளை மாதா கோயில் தேர். ஜனம் இன்றைக்கே வந்துவிட்டது. சாயங்காலம் வாணியம்பாடிக்காரர் போன். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு இங்கே பார்ட் பி போட்ட லோடு. நேற்று மத்தியானமே கும்மிடிப்பூண்டி சேர்ந்துவிட்டார்.

"எடை மேடை ரிப்பேராம். திங்கக்கிழமைதான் உள்ளே விடுவாங்களாம். பில் இன்னைக்கு ராத்திரியோட முடியுதும்மா."

"செக்யூரிட்டிகிட்ட வந்த நேரம் எழுதி வாங்கினீங்களா?"

"சூப்பர்வைசர் வந்தாத்தான் எழுதுவேங்கறான்."

கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே பில்லை நீட்டிக்கலாம். நாலு மணி தாண்டியிருந்தது. அவருடைய டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி.யில் உள்ளே போனேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டது: இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்கு, வண்டி மாற்றம், விபத்து, மற்றவை. வாசலில் நிறுத்தி வைத்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ‘மற்றவை’யை அழுத்தி, குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: வண்டி சனி மதியம் மில் வாசல் அடைந்தது, எடை மேடை பழுது, இன்னும் இறக்கவில்லை. மீதித் தூரம் 1 கிலோமீட்டர். நீட்டிப்பு கிடைத்தது.

அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து வைத்தேன். அரசுத் தளத்தில், தேதியோடும் மணியோடும், அவர் காத்திருந்தார் என்று பதிவாகியிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹால்டிங் பில்லோடு அந்தப் பிரிண்டைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். ஃபாஸ்டாக் மெசேஜில் கடைசிச் சுங்கச்சாவடியைத் தாண்டிய நேரமும் இருந்தது, அதையும் சேர்த்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மில்லுக்காரன் எனக்குக் குடுத்தாத்தானே நான் உனக்குக் குடுக்க முடியும்?" என்றார். பிறகு ஒரு நாள் ஹால்டிங்கை எண்ணிக் கொடுத்தார். மீதிக்கு மில்லோடு பேசுகிறேன் என்று பிரிண்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி நான் அடிக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) புத்தகத்தில் இரண்டு கட்டம் கூடுதல்: வாசலுக்கு வந்த நேரம், இறக்கி முடித்த நேரம். பக்கத்தில் மில் சீலுக்கு இடம். மற்ற ஓனர் கம் டிரைவர்களுக்கும் இதே புத்தகம்தான். பிரஸ்ஸில் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வருகிறது.