நேவி புளூவில் ஒளிந்திருந்தேன்

என்னிடம் இரண்டு கோட் சூட் இருக்கிறது. ஒன்று நேவி புளூ. சமூகவியலில் எம்.ஏ. முடித்து முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது தைத்தது. இன்னொன்று பளிச்சென்ற நீலம், போன வருடம் தைத்தது. கடையில் அந்தத் துணியைக் காட்டிக் கேட்டதும், "கல்யாண ரிசப்ஷனுக்கா சார்?" என்றார் விற்பனையாளர். "இல்லண்ணே, வேலைக்கு" என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணியை அளந்தார்.

நேவி புளூ எனக்கு நிறைய உதவியிருக்கிறது. வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு காவல் நிலையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் போவதுதான் என் வேலை. அந்தக் கோட்டோடு போனால், "வக்கீல் சாரா? உட்காருங்க" என்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் துருவியதில்லை. என்னை வேறு யாரோ என்று நினைத்துத்தான் நாற்காலி போடுகிறார்கள் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

புதுச் சூட்டோடு ஓர் அலுவலகத்துக்குப் போன முதல் நாள், கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தக் கட்சி?" என்றார். நாற்காலி வரவில்லை. நானே ஒன்றை இழுத்துப் போட்டு, மனு கொடுக்க வந்த அக்காவை உட்காரச் சொன்னேன். இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன். அக்காவுக்குக் கை நடுங்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

மாறியது நிறம் மட்டும்தான். அந்த நிறம் எங்கிருந்து வந்தது? பாபாசாகேப்பின் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. எந்தக் கோட்டு என்ன நிறம் என்று அவை சொல்வதில்லை. 1942-ல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். சேரி முகப்பில் நிற்கும் சிலைக்கு அந்த நீலத்தைப் பூசியது நம் பெயிண்டர் அண்ணன்கள். வருடா வருடம் ஏப்ரல் 14-க்கு முன்னால், வீட்டுக்கு வீடு காசு வசூலித்து வாங்கிய பெயிண்ட். நேவி புளூ எவருக்கும் பொது. இந்த நீலம் நம் ஜனங்கள் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் பார்த்தவுடன் "எந்தக் கட்சி?" என்ற கேள்வி வருகிறது.

எங்கள் வட்டத்திலேயே இதை விரும்பாதவர்கள் உண்டு. "களப்பணிக்கு இது ஓவர் தோழர். மக்களோடு மக்களா எளிமையா இருக்கணும்" என்றார் உடன் வேலை பார்க்கும் நண்பர். கதர் குர்தா, ஜோல்னா பை. நல்ல மனிதர்தான். ஆனால் எளிமை என்பது, இருப்பதை வேண்டாம் என்று சொல்ல முடிந்தவருக்கே வாய்க்கும்.

காந்தி மதுரையில் சட்டையைத் துறந்தது 1921-ல். ஒன்பது வருடம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை, செருப்பு கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் இந்தப் பட்டியலைப் படித்தேன். 'கோட்டு' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் ஊர் அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. இன்று சிவகங்கை மாவட்டம்.

இனி என் கோழைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுச் சூட் தைத்த பிறகு ஊரில் ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் காலனிக்கு ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அப்பா அங்கேயே வந்து நின்றிருந்தார். "கோட்டக் கழட்டிப் பையில வச்சுக்கப்பா. காலனி வந்ததும் போட்டுக்கலாம்" என்றார். கழற்றிவிட்டேன். பைக் ஓட்டியதற்கும் கூலிங் கிளாஸ் போட்டதற்கும் அடிவாங்கிய பிள்ளைகளைப் பற்றி நான் கூட்டங்களில் பேசுகிறவன். அன்று மடித்த கோட்டோடு தலைகுனிந்து நடந்தேன். அப்பா மீது கோபம் இல்லை. பெரிய வீட்டுத் திண்ணையைக் கடக்கும்போதெல்லாம் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது அவருக்குச் சிறுவயதில் பழக்கப்படுத்தப்பட்டது.

இந்த ஏப்ரல் 14-க்கு மாலை போட ஊருக்குப் போனேன். அந்த வெயிலில் கோட்டு போட்டவன் பைத்தியக்காரன்தான். பஸ்ஸிலேயே சட்டை நனைந்துவிட்டது. அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் ஊர்த் தெருவில் நடந்தோம். அந்தத் திண்ணை வந்ததும் அவர் கை வழக்கம்போல் துண்டுக்குப் போனது. எடுத்தார். முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

தம்பி தங்கைகளே, கடன் வாங்கிச் சூட் தைக்கச் சொல்லவில்லை. தனியாகப் போய் அடிவாங்கவும் சொல்லவில்லை. எங்கே கழற்ற வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை அங்கே நான்கு பேராகப் போங்கள்.

ஜெய் பீம்.