ஒடுங்கி நின்ற குதிரை

 

‘ராவுத்தர்’ என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். என் பாட்டனாரின் பெயருக்குப் பின்னாலும் அச்சொல் உண்டு. ஆனால் நாற்பது வயதைக் கடக்கும் வரை நான் ஒரு குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு என் மகளின் பொருட்டு அந்த வாய்ப்பு அமைந்தது. அந்தச் சில மாதங்களில் குதிரையைப் பற்றி நான் கற்றது கொஞ்சம்தான். பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் என்னைப் பற்றிக் கற்றதே அதிகம்.

என் மகளுக்கு வயது பன்னிரண்டு. நன்றாகப் படிப்பவள். ஆனால் நான்கு பேர் முன்னால் எழுந்து நின்றால் குரல் தொண்டைக்குள் அடைத்துக்கொள்ளும். கோவையில் இருக்கும் அவளுடைய தாய்மாமன்தான், “மச்சான், குதிரை ஏறப் பழகினால் பிள்ளைக்குத் தைரியம் வரும்” என்று சொல்லி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய பயிற்சிக் களத்திற்கு எங்களை அழைத்துச் சென்றார். இராணுவத்தின் குதிரைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அதை நடத்தி வந்தார்.

அன்று களத்தின் ஓரத்தில் ஒரு செந்நிறப் பெண் குதிரை நின்றுகொண்டிருந்தது. மார்வாரி இனம். காதுகளின் நுனிகள் உள்நோக்கி வளைந்து, ஒன்றையொன்று தொடுவதுபோல் இருந்தன. பல ஆண்டுகள் திருமண ஊர்வலங்களில் நடந்த குதிரையாம். அருகில் ஒரு தகரம் விழுந்து பெரும் ஓசை எழுந்தபோதும் அது அசையவில்லை. “மிகச் சாதுவான குதிரை. என் மகளுக்கு இதையே கொடுங்கள் ஐயா” என்றேன்.

அவர் சிரித்தார். “இது சாதுவா நிக்கலீங்க பாய். ஒடுங்கி நிக்குது” என்றார்.

பிறகு வேறுபாட்டைக் காட்டினார். மன அமைதியோடு நிற்கும் குதிரையின் தலை சற்றே தாழ்ந்திருக்கும். கண் இமைக்கும். உதடு தளர்ந்திருக்கும். ஒரு பின்னங்கால் ஓய்வாக மடங்கியிருக்கும். காதுகள் ஓசை வரும் பக்கமெல்லாம் திரும்பும். இந்தக் குதிரையின் கழுத்துத் தசையோ கல்லாக இறுகியிருந்தது. கண்கள் இமைக்கவில்லை. காதுகள் அசையவில்லை. வாத்திய ஓசையும் வெடிச் சத்தமும் சூழ்ந்த கூட்டத்தில், ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் நின்று நின்று, எதைச் செய்தும் பயனில்லை என்று அது தன்னை உள்ளுக்குள் பூட்டிக்கொண்டுவிட்டது என்றார் அவர். இப்படி நிற்கும் குதிரையே ஒருநாள் யாரும் எதிர்பாராத கணத்தில் வெடித்து ஓடும் என்றும் எச்சரித்தார்.

முதல் சில வாரங்கள் சேணமும் இல்லை, சவாரியும் இல்லை. தரையில் நின்றபடியே பழக்கம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஏறத்தாழ சுற்றிலும் இருப்பதையெல்லாம் அது பார்க்கும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிதளவு இடமும் மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே நேர் எதிரே சென்று முகத்தைத் தொடாமல், தோள் பக்கமாக நெருங்க வேண்டும். என் மகள் இரண்டடி வைப்பாள். குதிரை அவளைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஓரடி பின்வாங்குவாள். “வந்தவள் நான் பார்த்ததும் விலகுகிறாள். இவள் என்னைப் பிடிக்க வந்தவள் அல்லள்” என்று அதற்குப் புரிய வேண்டுமாம். மூன்றாம் வாரம், அவள் பின்வாங்கியபோது குதிரை தானாகவே ஓரடி முன்வந்து அவள் தோளை முகர்ந்தது. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது தலைக்கயிற்றுப் பயிற்சி. கயிற்றை மெல்ல ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும். குதிரை அந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதில்லை. தன் எடையைச் சற்றுச் சாய்த்தாலே போதும், அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். “இழுக்கறது எல்லாருக்கும் வருங்க பாய். எப்ப விடறதுன்னு தெரியறவன்தான் பழக்கறவன்” என்பார் அவர். குதிரை கற்பது அழுத்தத்தினால் அன்று. அழுத்தம் விலகும் அந்த நொடியினால்தான். நாம் தளர்த்தத் தாமதித்தால், எதற்காக விடுதலை கிடைத்தது என்று அதற்கு விளங்காது. தளர்த்தவே இல்லையென்றால், முயன்றும் பயனில்லை என்று பழையபடி ஒடுங்கிவிடும்.

ஒரு நீலத் தார்ப்பாயை வைத்து அவர் நடத்திய பாடம் என்னை வியக்க வைத்தது. தார்ப்பாயைக் கண்டு அஞ்சிய குதிரையை அதன் மேல் இழுத்துச் செல்லவில்லை. ஒருவர் அதைத் தரையில் இழுத்தபடி முன்னே நடந்தார். குதிரை தொலைவில் பின்னே நடந்தது. தன்னைத் துரத்தும் என்று அஞ்சிய பொருள் தன் முன்னே விலகிச் செல்வதைக் கண்டதும் அதன் நடையில் துணிவு வந்தது. சில நாட்களில் அதுவே நெருங்கி வந்து தார்ப்பாயை மூக்கால் தள்ளியது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். என் மகள் முதன்முதலாகச் சேணத்தில் ஏறிய நாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். குதிரை சற்று வேகமாக நடந்ததும் என்னை அறியாமல், “கெட்டியாகப் பிடி!” என்று உரக்கக் கத்திவிட்டேன். அவள் பதறிக் கால்களை இறுக்கினாள். கடிவாள வாரையும் இழுத்தாள். கால்களை இறுக்குவது குதிரைக்கு ‘முன்னே போ’ என்னும் கட்டளை. வாரை இழுப்பது ‘நில்’ என்னும் கட்டளை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததும் குதிரை துள்ளியது. அவள் மணலில் விழுந்தாள். அல்ஹம்துலில்லாஹ், முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே.

அந்த முதியவர் அவளையும் கடிந்துகொள்ளவில்லை, குதிரையையும் அடிக்கவில்லை. முதலில் அவளிடம் சென்று, “கண்ணு, மூச்சை மெதுவா விடு” என்றார். பின்பு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்து, “பாய், உங்க பயம் மொதல்ல புள்ளைக்குப் போச்சு. புள்ளைகிட்ட இருந்து குதிரைக்குப் போச்சு” என்றார்.

இது வெறும் அனுபவப் பேச்சு அன்று. ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையோடு செல்பவர்களிடம், “அடுத்த சுற்றில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும்” என்று சொன்னார்கள். உண்மையில் குடை விரிக்கப்படவில்லை. ஆயினும் அதை எண்ணிய மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது. எதுவும் அறியாத குதிரைகளின் இதயத்துடிப்பும் கூடியது. நம் அச்சத்தைச் சொல்லால் மறைத்தாலும் உடல் சொல்லிவிடுகிறது.

அன்று இரவு ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஸஹீஹுல் புகாரியில் பலமுறை ஓதிக்கொடுத்த ஹதீஸ்தான். குதிரையின் மேல் தம்மால் உறுதியாக அமர முடியவில்லை என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். வளர்ந்த ஓர் அரபு வீரர் இப்படிச் சொல்வது எத்தகைய தயக்கத்திற்குப் பின் வந்திருக்கும்! நபியவர்கள் அவரை எள்ளவில்லை. அவருடைய நெஞ்சில் தம் கையால் தட்டி, அவரை உறுதிப்படுத்துமாறும், நேர்வழி காட்டுபவராகவும் நேர்வழி பெற்றவராகவும் ஆக்குமாறும் அல்லாஹ்விடம் வேண்டினார்கள். அதன்பின் தாம் குதிரையிலிருந்து விழுந்ததே இல்லை என்று ஜரீர் (ரலி) அறிவிக்கிறார்கள். அச்சத்தை ஒப்புக்கொண்டவருக்கு அங்கே கிடைத்தது ஒரு கரமும் ஒரு துஆவும். வேலி ஓரத்தில் நின்ற நான் என் பிள்ளைக்குக் கொடுத்ததோ ஒரு கூச்சல்.

அதைவிடக் கனமான நினைவு ஒன்றும் எழுந்தது. என் ஹிஃப்ழு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வீட்டில் தன் உம்மாவிடம் தங்குதடையின்றி ஓதுவானாம். என் முன்னால் அமர்ந்தால் இரண்டு ஆயத்துகளுக்குப் பின் நின்றுவிடுவான். நான் அவனை அடித்ததில்லை. ஆனால் தவறு வந்த நொடியே மேசையில் பிரம்பைத் தட்டுவேன். அடுத்த தவறுக்குக் குரலை உயர்த்துவேன். அவன் எதிர்த்துப் பேசியதே இல்லை. குறும்பு செய்ததில்லை. கேள்வி கேட்டதில்லை. அவனைப் பற்றிப் பிறரிடம், “மிகவும் அடக்கமான பிள்ளை” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். களத்தில் கண்ட இமைக்காத கண்களை எங்கே பார்த்தேன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் பிரம்பை அலமாரிக்குள் வைத்தேன். பாட அளவையும் மாற்றினேன். அதற்கும் ஒரு முன்மாதிரி இருந்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் மெலிந்து உறுதியாக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு மைல், எல்லையாக இருந்தது. அவ்வாறு பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டுமே. எல்லாக் குதிரைகளையும் ஒரே தொலைவுக்கு ஓட்டவில்லை. அந்த மாணவனுக்கு அரைப் பக்கம் போதும் என்று நிறுத்தினேன். தவறு வந்தால் ஐந்து விநாடி பொறுத்திருந்தேன். அவனே திருத்திக்கொண்டால், அங்கேயே நிறுத்தி, “மாஷா அல்லாஹ், போய் உட்கார்” என்று விட்டுவிட்டேன். கயிற்றைத் தளர்த்தக் கற்றுக்கொண்டேன் என்று வையுங்கள்.

மென்மை என்றால் கண்டிப்பே இல்லாமை என்று எவரும் எண்ண வேண்டாம். குதிரை தன் தோளால் என் மகளை நெருக்கித் தள்ளியபோதெல்லாம் அந்த முதியவர் அதைப் பின்னால் நகர்த்தாமல் விட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அதே எல்லை, அதே சைகை, கோபமில்லாத அதே முகம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒட்டகத்தைவிட்டு இறங்கிவிடுமாறு அவர்கள் கூறவில்லை. சவாரி தொடரத்தான் வேண்டும். அது எப்படித் தொடர்கிறது என்பதே கேள்வி.

ஆறு மாதம் கழிந்தது. இப்போது அந்தக் குதிரை, சேணவாரை இறுக்கிக் கட்டினால் காதைப் பின்னால் மடித்துத் தன் வெறுப்பைக் காட்டுகிறது. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. “கெட்டுவிட்டதோ?” என்று கேட்டேன். “இல்லீங்க பாய். இப்பத்தான் அது நம்மகிட்டப் பேசுது. கேக்கறதுக்கு ஆள் இருக்குன்னு நம்பிக்கை வந்திருக்கு” என்றார். என் மகள் வாரை ஒரு துளை தளர்த்தினாள். காதுகள் முன்னே வந்தன. இருவரும் களத்தைச் சுற்றி வந்தார்கள். வார் அவள் விரல்களில் தளர்வாகக் கிடந்தது. நான் வேலி ஓரத்தில் வாய் திறக்காமல் நின்று, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே, என் மாணவன் ஓதும்போது ஓர் இடத்தில் நின்றான். வழக்கம்போல் தலையைக் குனியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “ஹஜ்ரத், இந்த இடம் எனக்கு எப்பவும் குழம்புது. இன்னொரு தடவை சொல்லித் தாங்க” என்றான். என் பதினெட்டு ஆண்டுக் கற்பித்தலில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

பெற்றோர்களே! பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், ஹுர்முஸிலிருந்தும் ஏதனிலிருந்தும் காயல் துறைமுகத்திற்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. பாண்டிய மன்னர்கள் பெரும் பொன் கொடுத்து அவற்றை வாங்கினார்கள். பேணும் முறை தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்று மார்க்கோ போலோ பதிந்திருக்கிறார். வாங்குவதற்குப் பொன் இருந்தது. பேணுவதற்கு அறிவு இருக்கவில்லை. நாமும் பிள்ளைகளுக்காகக் கட்டணங்களைக் கட்டுகிறோம், வகுப்புகளில் சேர்க்கிறோம். இன்றிரவு உங்கள் வீட்டில் அமைதியாக இருக்கும் பிள்ளையின் முகத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அது அமைதியில் இருக்கிறதா, ஒடுங்கி இருக்கிறதா?

நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவர்களிடம் மென்மையோடும் உறுதியோடும் நடந்துகொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. அறியாமல் நாம் ஒடுக்கிவிட்ட உள்ளங்களை அவனே மீண்டும் மலரச் செய்வானாக. ஆமீன்.